எக் தீவின் ஸ்கூர் மலை: முதன்முறை ஏறுபவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மாலெய்க் துறைமுகத்திலிருந்து எக் தீவை நோக்கிப் படகு நெருங்கும்போது, தீவின் தென்கோடியில் கரிய பாறைச் சுவர் ஒன்று செங்குத்தாக எழுந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். அதன் பெயர் அன் ஸ்கூர். உயரம் 393 மீட்டர்தான். ஆனால் கடல் மட்டத்திலிருந்தே அந்த உயரம் முழுவதும் கண்ணுக்குத் தெரிவதால், முதல் பார்வையிலேயே பலர் தயங்கிவிடுகிறார்கள். தயங்க வேண்டாம். படகிலிருந்து தெரியும் அந்தக் கிழக்கு முகம் கயிறும் பயிற்சியும் உள்ளவர்களுக்கானது. நாம் போகப்போகும் வழி மலையின் வடக்கு அடிவாரமாகச் சுற்றிப் பின்பக்கம் ஏறுகிறது. நடந்து பழகிய எவரும் ஏறலாம். போய்வர ஏழு, எட்டு கிலோமீட்டர் தூரம். மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும்.

இந்த மலையில் கடினமானது ஏற்றமல்ல, நேரக் கணக்குதான். எக் தீவில் உங்கள் நாளை நடத்துபவை மூன்று: படகு, மேகம், ஓதம் (கடல்நீர் ஏறி வடிவது). இவற்றைக் கேட்டுத் திட்டமிட்டால் எல்லாம் எளிதாக அமையும். கேட்காமல் போனால் பாதி ஏற்றத்திலேயே திரும்ப நேரும்.

முதலில் படகு

ரம், எக், மக், கன்னா என்ற நான்கையும் சேர்த்துச் சிறு தீவுகள் என்று அழைக்கிறார்கள். இந்த நான்குக்கும் மாலெய்க்கிலிருந்து கால்மாக் நிறுவனத்தின் படகு போகிறது. எக் தீவுக்கு நேராகப் போனால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். ஒரே படகு நான்கு தீவுகளுக்கும் முறைவைத்துப் போவதால், கிழமைக்குக் கிழமை நேரமும் வரிசையும் மாறும். ஒரு நாள் தீவில் ஐந்து மணி நேரம் கிடைக்கும். இன்னொரு நாள் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப மட்டுமே நேரமிருக்கும். கோடையில் அரிசெய்க் என்ற ஊரிலிருந்தும் பயணிகள் படகு ஒன்று ஓடுகிறது. இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்த நாளில் கரையில் குறைந்தது நாலரை மணி நேரம் கிடைக்கிறது என்று தேடுங்கள். அப்படி ஒரு நாள் அமையாவிட்டால், அதே நாளில் போய்த் திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது.

மாலெய்க் போய்ச் சேர ரயிலே சிறந்த வழி. கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபோர்ட் வில்லியம் வழியாக, கிளென்ஃபின்னன் பாலத்தைக் கடந்து வரும் பாதை அது. காலைப் படகைப் பிடிக்க வேண்டுமென்றால் முந்தைய இரவே மாலெய்க்கிலோ அரிசெய்க்கிலோ தங்குங்கள். சொந்தக் காரில் வந்தாலும் அதைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். வருகையாளர்களின் வாகனங்களுக்குத் தீவில் இடமில்லை.

காற்று பலமாக அடித்தால் படகு ரத்தாகும். இது அரிதான நிகழ்வு அல்ல. குளிர்காலத்தில் வாடிக்கை, கோடையிலும் நடப்பதுண்டு. அன்றாடம் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு நாளுக்கு அதிகமாகவே எடுத்து வையுங்கள். தீவில் மருத்துவமனை இல்லை. விமானப் பயணத்தை அடுத்த நாளே வைத்துக்கொள்ளாதீர்கள்.

என் பரிந்துரையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஓர் இரவாவது தீவில் தங்குங்கள். தங்கினால் மலைக்கு எந்த நேரம் நல்லது என்பதை வானத்தைப் பார்த்து முடிவுசெய்யலாம். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். பகல் கூட்டம் படகேறிப் போன பிறகு, மாலை ஆறு மணிக்கு மலையேறத் தொடங்கினால்கூட இருட்டுவதற்கு முன் இறங்கிவிடலாம். விடுதி, சிறு குடில்கள், வீட்டு அறைகள் எல்லாம் உண்டு. ஆனால் எண்ணிக்கை குறைவு. கோடைக்கு மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்யுங்கள். கூடாரம் அடிப்பவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் துணை நிற்கிறது. வீடுகளுக்கும் பயிர்களுக்கும் தள்ளி, பொறுப்போடு தங்கலாம், நடக்கலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

கணுக்கால் வரை பிடிக்கும், நீர் புகாத நடைக் காலணி முதல் தேவை. வழியில் பாதி தூரம் சதுப்பு. ஜீன்ஸ் வேண்டாம், ஒருமுறை நனைந்தால் நாள் முழுவதும் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மழைச் சட்டை, மழைக் கால்சட்டை, கம்பளி மேலாடை, தொப்பி ஆகியவை ஜூலையிலும் வேண்டும். கீழே துறையில் இதமாக இருக்கும்போதே உச்சியில் காற்று ஆளைத் தள்ளும்.

வரைபடம் காகிதத்தில் இருக்கட்டும். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரிசையில் 397ஆம் எண் இந்தத் தீவுகளுக்கானது. கைப்பேசிச் சிக்னல் தீவு முழுவதும் ஒரே சீராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஸ்காட்லாந்தில் மலையில் ஆபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்து, காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். சிக்னல் பலவீனமான இடங்களில் குறுஞ்செய்தி மூலமும் உதவி கேட்கலாம். ஆனால் அதற்கு உங்கள் எண்ணை முன்பே பதிந்திருக்க வேண்டும். ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பினால் அடுத்து என்ன செய்வது என்று பதில் வரும். வீட்டிலிருந்தே செய்துவிடுங்கள்.

அடுத்து பூச்சிகள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மிட்ஜ் எனப்படும் கடிக்கும் சிறுபூச்சிகள் காற்றில்லாத, மப்பான மாலைகளில் கூட்டமாக வரும். லேசாகக் காற்று அடித்தாலே ஒதுங்கிவிடும். ஆகவே மலைமேல் தொல்லை குறைவு. கீழே மரங்களுக்கிடையிலும் கூடாரத்திலும்தான் அதிகம். தலைக்கு வலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உண்ணி அதைவிடக் கவனிக்க வேண்டியது. பெரணிப் புதரில் நடந்த பிறகு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் உண்ணிக் கொக்கியால் மெல்ல எடுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. லைம் நோய் அதன் வழியாகத்தான் பரவுகிறது.

உணவையும் தண்ணீரையும் துறையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தீவில் படகு வந்து நிற்கும் கால்மிஸ்டேல் துறையருகே கடை, சிற்றுண்டிச்சாலை, கழிப்பறை இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பிவிட்டால் மலைவழியில் வேறு எதுவும் கிடையாது.

ஏற்றம்

துறையிலிருந்து மேலே போகும் தடத்தில் நடக்கத் தொடங்குங்கள். சற்று நேரத்தில் மரச்சோலைக்குள் நுழைவீர்கள். ஸ்கூருக்கு வழிகாட்டும் பலகைகளைப் பின்பற்றுங்கள். மரங்கள் முடிந்ததும் புல்வெளி திறக்கும். மலை முழு உருவத்தோடு எதிரே நிற்கும். கடலில் பார்த்த அதே முகம், இப்போது இன்னும் பெரிதாக. மேய்ச்சல் நிலத்தில் ஆடுமாடுகள் இருக்கும். ஒவ்வொரு வாயிற்கதவையும் திறந்த பின் மூடிவிட்டுச் செல்லுங்கள். நாய் கூட வந்தால் கட்டியே அழைத்துச் செல்ல வேண்டும்.

புல்வெளியின் மேல்கோடியில் ஒரு வீடு இருக்கிறது. அதைத் தாண்டியதும் குறுக்கே ஒரு வண்டித்தடம் வரும். அதில் வலப்பக்கம் திரும்பிச் சிறிது தூரம் நடந்தால், இடப்பக்கம் ஒற்றையடிப்பாதை பிரியும் இடத்தில் ஒரு கற்குவியல் தெரியும். இந்தக் கற்குவியல்தான் நாளின் முக்கியமான இடம். இங்கே நின்று நிமிர்ந்து பாருங்கள். உச்சி தெரிகிறதா? தெரிந்தால் மேலே போங்கள். மேகம் மூடியிருந்தால் அரைமணி நேரம் காத்திருங்கள். அட்லாண்டிக் மேகம் வந்த வேகத்திலேயே விலகுவதும் உண்டு. விலகவே இல்லை என்றால் இன்றைக்கு மலை வேண்டாம். கீழே சொல்லப்போகும் குரூலின் வழியைப் பிடியுங்கள். உச்சி முகட்டின் இரு பக்கமும் செங்குத்தான சரிவு. கண்ணுக்கு எட்டாத வெண்மைக்குள் அங்கே நடப்பது வீரமல்ல.

கற்குவியலிலிருந்து பாதை ஹெதர் புதர்களுக்கிடையே மேலேறுகிறது. கறுத்த, ஈரமான பீட் மண், அதாவது மட்கிய செடிகொடிகள் சேர்ந்த மண். காலணித் தடங்கள் பல கிளைகளாகப் பிரியும். எல்லாம் ஒரே திசையில்தான் போகின்றன. நனைந்த இடத்தைச் சுற்றிப் போகப் போகப் பாதை அகலமாகி மண் அரிக்கிறது. கால் நனைந்தாலும் நடுவிலேயே நடப்பது மலைக்கு நல்லது.

இப்போது பாறைச் சுவர் உங்கள் இடக்கைப் பக்கம் வந்துவிடும். வடக்குச் சுவரின் அடியில், அதை ஒட்டியே மேற்கு நோக்கிப் போகிறீர்கள். வெயில் அதிகம் படாத பக்கம்; கல்லில் எப்போதும் ஈரம். புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான். உச்சி தலைக்கு மேலே பின்தங்கிக்கொண்டே போகும். இலக்கைவிட்டு விலகிப் போவதுபோல் தோன்றும். ஏதாவது ஒரு வெடிப்பில் ஏறிப் பார்க்கலாமா என்று மனம் சொல்லும். செய்யாதீர்கள். சுவரில் ஓர் இறக்கம், மேலே ஏறும் அகன்ற கற்சரிவு, தேய்ந்த பாதை ஆகிய மூன்றும் சேர்ந்து தெரியும் வரை பொறுமையாக நடங்கள். அந்தச் சரிவில் இடப்பக்கம் ஏறினால் சில நிமிடங்களில் முகட்டின் முதுகில் நிற்பீர்கள்.

அங்கே மீண்டும் இடப்பக்கம், அதாவது கிழக்கு நோக்கித் திரும்புங்கள். இனி வெறும் பாறை. மேடும் பள்ளமுமாக, இரண்டொரு இடங்களில் கையூன்றி ஏறும்படி இருக்கும், கடினமில்லை. கல் கண்ணாடித் தன்மை கொண்டது என்பதால் மழையில் வழுக்கும். உச்சியில் நில அளவைத் தூண் ஒன்று நிற்கிறது. அதற்கு அப்பால் மூன்று பக்கமும் பாதாளம். சிறுவர்களைக் கைப்பிடியிலேயே வைத்திருங்கள்.

நீங்கள் நிற்கும் கல்

கொஞ்சம் உட்காருங்கள். காலடியில் இருக்கும் பாறையைக் குனிந்து பாருங்கள். பாறையின் கறுப்பு உடலுக்குள் வெள்ளைப் படிகங்கள் பொதிந்திருக்கும். பிட்ச்ஸ்டோன் எனப்படும் எரிமலைக் கண்ணாடி இது. ஏறத்தாழ 5 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இங்கே பழைய எரிமலைப் பாறைகளை அறுத்துக்கொண்டு ஓர் ஆறு ஓடியது. எரிமலையிலிருந்து வந்த குழம்பு அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கை நிரப்பி இறுகியது. இறுகும்போது சுருங்கி, தூண் தூணாகப் பிளந்தது. பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் பனியாறும் தேய்த்தன. பள்ளத்தாக்கின் கரைகளாக இருந்த பசால்ட் பாறை இந்தக் கல்லைவிட எளிதில் தேய்ந்ததால் கரைகள் மறைந்தன. பள்ளத்தில் உறைந்தது மட்டும் நின்றது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் முகடு, ஒரு காலத்து ஆற்றின் பள்ளம். சுவரின் அடிப்பகுதியில் அந்த ஆற்றின் கூழாங்கற்களும், கல்லாகிப்போன ஊசியிலை மரத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன.

எல்லாப் பக்கமும் செங்குத்து, மேற்கில் மட்டும் வழி என்ற இந்த அமைப்பை இரும்புக் காலத்து மக்களும் கண்டுகொண்டார்கள். மேற்குப் பக்கத்தின் குறுக்கே கற்சுவர் எழுப்பி உச்சியைக் கோட்டையாக்கினார்கள். அதன் எச்சங்களை இன்றும் பார்க்கலாம்.

தெளிவான நாளில் தெற்கே மக் தீவும் ஆர்ட்னமர்க்கன் முனையும், வடமேற்கே ரம் தீவின் மலைகளும், வடக்கே ஸ்கை தீவின் கூலின் சிகரங்களும் தெரியும். ரம் தீவின் அஸ்கிவல் 812 மீட்டர். ஸ்கூரைவிட இரு மடங்குக்கு மேல். ஆனாலும் இந்தக் காட்சிக்கு ஸ்கூருக்கே என் வாக்கு. சுற்றிலும் கடல், அதன் நடுவே இந்த ஒற்றை முகடு. அருகில் பார்வையை மறைக்கும் மலை வேறில்லை.

இறங்கும் வழி ஏறிய வழியேதான். தெற்கிலோ கிழக்கிலோ குறுக்குவழி கிடையாது. நேரத்தைப் பின்னிருந்து கணக்கிடுங்கள். படகு 4 மணிக்கு என்றால் 3.30க்குத் துறையில் இருக்க வேண்டும். இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே 2 மணிக்கு உச்சியைவிட்டுக் கிளம்ப வேண்டும். 1.30க்கு இன்னும் அந்தக் கற்சரிவையே எட்டவில்லை என்றால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.

மலை மூடியிருந்தால்: குரூலின்

கற்குவியலில் திரும்ப நேர்ந்தவர்களுக்கு இது இரண்டாந்தரமான மாற்று அல்ல. மலையேறியவர்களும் தவறவிடக் கூடாத இடம். அதே வண்டித்தடத்தில் எதிர்த்திசையில் நடந்தால், ஸ்கூரின் தெற்குச் சுவருக்கு அடியில், கடலைப் பார்த்தபடி ஏற்றமில்லாமல் போகலாம். பாறைத் தூண்கள் முழு உயரத்துக்கும் தெரிவது இந்தப் பக்கத்தில்தான். தடத்தின் முடிவில் மேல் குரூலின் கிராமத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. 1853இல் இந்த நிலத்தை ஆட்டுப் பண்ணைக்காகக் காலிசெய்தார்கள். 14 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வீட்டுச் சுவர்கள் இடுப்பளவில் இன்னும் நிற்கின்றன. அவற்றின்மேல் ஏறாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள். சற்று நேரம் அந்த வீடுகளுக்கிடையே நடந்து பாருங்கள். ஸ்காட்டிஷ் மேட்டுநிலம் ஏன் இவ்வளவு வெறிச்சோடிக் கிடக்கிறது என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது.

ஓதம் பார்த்துப் போக வேண்டிய குகைகள்

துறைக்கு மேற்கே, அரைமணி நேர நடையில், தென்கரையில் இரண்டு குகைகள். வாய் பெரியது கதீட்ரல் குகை. ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற நடந்த 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிந்தைய ஒடுக்குமுறைக் காலத்தில் கத்தோலிக்கர் இங்கே மறைவாக வழிபட்டார்கள். ஓதம் வடிந்திருக்கும்போது மட்டுமே போகலாம். கிளம்பும் முன் துறையில் ஓத நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது போங்கள், ஏறத் தொடங்கியதும் வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று படுகொலைக் குகை. 1577இல் மக்லியோட் குலத்தார் தாக்க வந்தபோது தீவின் மக்டொனால்டு மக்கள் இதற்குள் ஒளிந்தார்கள். தாக்க வந்தவர்கள் குகை வாயில் தீ மூட்டிப் புகையால் அவர்களைக் கொன்றார்கள். மரபுக் கணக்கின்படி இறந்தவர்கள் 395 பேர். ஏறத்தாழ தீவு முழுவதும். வாய் மிகக் குறுகலானது. கல் உதிரும் அபாயமும் உண்டு. உள்ளே நுழைய வேண்டாம் என்பதே என் அறிவுரை. வெளியே நின்று பார்த்தாலே போதும். அது ஒரு கல்லறை.

வடக்கே, தங்கியவர்களுக்கு

இரவு தங்குபவர்கள் மறுநாள் துறையருகே சைக்கிள் வாடகைக்கு எடுத்துத் தீவின் ஒரே சாலையில் கிளீடேல் என்ற ஊருக்குப் போகலாம். லெய்க் விரிகுடாவில் மணலுக்கு அப்பால் ரம் தீவின் மலைகள் எழும். மாலையில் போங்கள், சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்கும். அதற்கு வடக்கே பாடும் மணல் கடற்கரை. குவார்ட்ஸ் மணல் காய்ந்திருந்தால் காலை இழுத்து நடக்கும்போது கீச்சென்று ஒலிக்கும். ஈரமாக இருந்தால் ஒலிக்காது. எனவே மழை பெய்த மறுநாள் அதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வழியில் கில்டோனன் பக்கம் ஒதுங்கினால் கூரையிழந்த பழைய தேவாலயம் ஒன்றைக் காணலாம். 617இல் துறவி டோனன் தம் சீடர்களோடு கொல்லப்பட்டது இந்தத் தீவில்தான்.

இது யாருடைய தீவு

நூறு பேருக்குச் சற்று அதிகமானவர்கள் மட்டுமே வாழும் இந்தத் தீவு, தலைமுறை தலைமுறையாகத் தனி ஆட்களின் சொத்தாகக் கைமாறிக்கொண்டிருந்தது. 1997 ஜூன் 12 அன்று, பொதுமக்களின் நன்கொடையோடு, 15 லட்சம் பவுண்டு கொடுத்துத் தீவு மக்களே அதை வாங்கிவிட்டார்கள். இன்று அவர்கள் பங்கேற்கும் அறக்கட்டளையே உரிமையாளர். நீங்கள் நடக்கும் பாதையையும் தேநீர் குடிக்கும் இடத்தையும் பராமரிப்பவர்கள் அவர்கள்தான். உணவு முழுவதையும் வெளியிலிருந்து சுமந்து வராமல், கொஞ்சமாவது இங்கே வாங்குங்கள். குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். தீவில் சேரும் ஒவ்வொரு பொட்டலமும் படகில்தான் வெளியேற வேண்டும்.

மின்சாரமும் அவர்களுடையதே. கரையிலிருந்து கம்பி கிடையாது. 2008 முதல் நீர், காற்று, வெயில் மூன்றையும் இணைத்துத் தாங்களே உற்பத்தி செய்கிறார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. மீறினால் இணைப்பு நின்றுவிடும். அறை எடுத்துத் தங்கினால் ஹீட்டர், கெட்டில், அடுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

புறப்படும் நாளில் காலையிலேயே படகின் நிலையை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். நேரம் முன்னே பின்னே மாறியிருக்கலாம். துறைக்கு அரைமணி முன்னதாக வாருங்கள். மாலெய்க்கிலிருந்து அன்றைய கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே குறித்து வையுங்கள். படகு தாமதமாகி அதைத் தவறவிட்டால், அடுத்த ரயில் மறுநாள் காலையில்தான்.